சைகோன் கடைக்காரரின் ஆங்கிலம்

அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் அதை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பீர்கள். என் வீட்டில் அந்தப் பெயர் சொல்லப்பட்டது போதும். இரண்டே அசை. முதலாவது தணிந்து போகும், இரண்டாவது எழும்பி நிற்கும். அதை என் கணவர் எங்கள் முன்னறையில் இருந்துகொண்டு, குசினியில் நின்ற என் காது கேட்க, திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகினார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. என் பெயரை அவர் வாயால் ஒரு தடவையும் நான் கேட்டதில்லை.

இதில் அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் குடும்பத்து ஆண்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாமா மாமியைக் கூப்பிட்டதும் ‘இஞ்சேரும்’ என்றுதான். இவரும் அதையே பிடித்துக்கொண்டார். வெளி ஆட்களிடம் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் ‘பிள்ளையின்ரை அம்மா’ என்பார். பிள்ளை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் தாதி மனைவியின் பெயரைக் கேட்டபோது, இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் என் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாராம். அதை மச்சாள், அதாவது இவருடைய தங்கை, இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

நான் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் இருப்பவள். காலையில் நல்லூரில் இருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணம் போய் பஸ் ஏறிப் போனால், பின்னேரம் வரைக்கும் முன்பின் தெரியாத ஆட்களின் பெயர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவதுதான் என் வேலை. என்னை அவர்கள் மிஸ் என்பார்கள். மகள் பேராதனையில் படிக்கிறாள், அவளுக்கு அம்மா. ஒழுங்கையில் இருக்கிறவர்களுக்கு அன்ரி. இதெல்லாம் ஒரு குறையாக எனக்கு முன்பு தோன்றியதே இல்லை. அந்தப் பாரிஸ்காரி லப்டொப்புக்குள் வந்து உட்காரும் வரைக்கும் தோன்றவில்லை.

அவள் வந்த கதை இது. என் கணவர் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறார். பகலில் கோப்பு, பின்னேரத்தில் நாடகம். அரசனாக, எமனாக, கிராமசேவகராக, ஒருமுறை நோய் பிடித்த பசுமாடாகக்கூட மேடையேறியிருக்கிறார். எல்லாம் தமிழில். போன வருடம் பாரிசில் பிறந்து வளர்ந்த ஒரு இளைஞன் யாழ்ப்பாணத்துக்கு வந்து, ஆங்கிலத்தில் ஒரு நாடகம் போட ஆள் தேடினான். அவனுடைய தகப்பன் அகதியாகப் பாரிசுக்குப் போன காலத்தில், சைகோனில் இருந்து வந்து அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு வியட்நாமியர்தான் முதல் வேலை கொடுத்தாராம். தகப்பனுக்குப் பிரெஞ்சு தெரியாது, கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் கதைத்திருக்கிறார்கள். நாடகம் அந்த இரண்டு பேரைப் பற்றியது. கடைக்காரர் வேடத்துக்கு என் கணவரைப் பிடித்துக்கொண்டான்.

“அங்கிள், எனக்கு அவரின்ரை முகம் மறந்துபோச்சு. குரல்தான் ஞாபகம். குரல் சரியா வராட்டில் அது அவரில்லை,” என்று எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி சொன்னான். சொல்லிவிட்டு, பாரிசில் நடிகர்களுக்கு உச்சரிப்புச் சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண்ணை வீடியோவில் ஏற்பாடு செய்தான். வியட்நாமியத் தாய் தகப்பனுக்கு அங்கேயே பிறந்தவள். ஆள் ஐம்பதை எட்டியிருப்பாள் என்று அவன் சொன்னதால் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. ஐம்பதில் ஒருத்தி அப்படி இருப்பாள் என்று எனக்கு யார் சொன்னது?

எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம் அவளுக்குப் பின்னேரம். முதல் நாள் பாடத்துக்கு என் கணவர் என்னைக் கொண்டு நீலச் சேர்ட்டை அயன் பண்ணுவித்தார். மேலே நீலச் சேர்ட், கீழே சாரம். தலையை இரண்டு தரம் வாரினார். நெற்றித் திருநீற்றை நனைந்த லேஞ்சியால் துடைத்தார். அதைக் கண்டதும் எனக்குச் சுருக்கென்றது. எந்தக் கச்சேரி அதிகாரிக்கு முன்னாலும் இவர் திருநீற்றைத் துடைத்துக்கொண்டு போனதில்லை.

திரையில் அவள் வந்தாள். கட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர், பின்னால் ஒரு யன்னல், யன்னல் விளிம்பில் ஒரு பூனை. கையில் கோப்பிக் கோப்பை. இவர் “குட் ஈவினிங், மேடம்” என்றார். மேடம் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றாள். இவர் நெளிந்தார். அவள் விடவில்லை. அவளுடைய பெயரிலேயே முதல் பாடம் இருக்கிறதாம். ஒரு அசை இறங்க வேண்டும், மற்றது ஏற வேண்டும், அந்த ஏற்ற இறக்கம்தான் கடைக்காரரின் ஆங்கிலத்துக்கு அடியில் ஓடுகிறதாம். அதனால் சொல்லு, சொல்லு என்று சொல்ல வைத்தாள். இவரும் சொன்னார். முதலில் வெட்கப்பட்டு, பிறகு கொஞ்சம் தெளிவாக, பிறகு நன்றாக. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம்தான் காரணம் என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் பாடத்தில் அவள் கேட்டாள்: அந்தப் பெடியன் முன்பு அனுப்பிய படத்தில் உங்கள் நெற்றியில் வெள்ளைக் கோடுகள் இருந்தனவே, இப்போது எங்கே? அழகாக இருந்ததே. அதற்குப் பிறகு இவர் பாடத்துக்குப் போவதற்கு முன்னால் மூன்று குறியும் பளிச்சென்று தெரியத் திருநீறு பூசிக்கொண்டு போனார். துடைத்தபோதும் எனக்கு எரிந்தது, பூசியபோதும் எரிந்தது.

அவள் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடைக்காரரின் நாக்கு சைகோன் நாக்கு. அதற்கு மேலே கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஏறிய பிரெஞ்சு. அதற்கும் மேலே, நடுவயதில், கடையில் நின்று பொறுக்கிய ஆங்கிலம். மூன்றும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கேட்க வேண்டும், ஒன்றும் மற்றதை மூடிவிடக் கூடாது என்பாள். சினிமாவில் கோமாளிகள் சீனாக்காரர் மாதிரிக் கதைப்பார்களே, அப்படி ஒருதரம் இவர் இழுத்தபோது அவள் முகம் மாறியது. “எங்களுடைய அப்பா அப்படிக் கதைத்ததில்லை,” என்று மட்டும் சொன்னாள். இவர் காது சிவக்க மன்னிப்புக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

கடினமானது சொல்லின் கடைசி. அந்த நாக்கு கடைசி மெய்யெழுத்தின் வாசல் வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிடும். ரைஸ் என்பது கிட்டத்தட்ட ‘ரை’ என்று வந்து நிற்கும், ஆனால் ஸ் அங்கே இருக்கிறது என்று கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும். எங்கள் நாக்கோ நேர் எதிர். மெய்யில் முடிகிற சொல்லைக் கண்டால் அதற்குக் கால் முளைக்க வைத்து ‘பஸ்ஸு’, ‘ரைஸு’ என்று நடக்க விடும். அதைவிடப் பெரிய கரைச்சல் ர. இவர் மேடைத் தமிழுக்குப் பேர்போனவர், ர-வும் ற-வும் அவர் வாயில் உருளும், அதிரும். அந்த உருட்டலை விட்டுவிட்டு, பிரெஞ்சுக்காரரைப் போலத் தொண்டைக்குள் உரச வேண்டும் என்றாள். இவர் காலையும் மாலையும் உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றி அண்ணாந்து கொப்பளித்துக்கொண்டே ரகரம் பழகினார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் ஒரு செம்பு மல்லித் தண்ணீர் நீட்டினா. “பாவம், அண்ணைக்கு நல்ல சளி போலை,” என்றா. நான் வாங்கி நானே குடித்தேன். சளி எனக்குத்தான் இருந்தது, நெஞ்சுக்குள்.

இரவுச் சாப்பாட்டில் இவருக்கு அவளைப் பற்றிய கதைதான். அவள் இப்படிச் சொன்னாள், அவள் அப்படிச் சிரித்தாள், அவளின் பூனை விசைப்பலகையில் ஏறிவிட்டது. ஒவ்வொரு வசனத்திலும் அந்தப் பெயர், இறங்கி ஏறி. நான் இடியப்பத்தை அவர் தட்டில் கொட்டிய விதத்தில் யாருக்கும் விளங்கியிருக்கும். இவருக்கு விளங்கவில்லை. “சொதி கொஞ்சம் விடுமப்பா,” என்றார்.

மகளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, அப்பாக்கு ஐம்பத்தஞ்சு தாண்டிட்டுது. கொலஸ்ட்ரோலும் இருக்கு. ஆர் அவரைத் தூக்கிக்கொண்டு போகப்போகினம்?”

“நீ பகிடியை விடு. அவவைப் பேர் சொல்லிக் கூப்பிடுறார்.”

“அங்கை எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தானம்மா கூப்பிடுறவை.”

“எல்லாரையும் கூப்பிடட்டும். எல்லாரையும் கூப்பிடுற வாய்க்கு என்னை மட்டும் ஏன் தெரியேல்லை?”

மகள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

பொறாமை ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்காது. என்னையும் பழக வைத்தது. கதவுக்கு இப்பால் தேங்காய் திருவிக்கொண்டே நான் அவள் சொன்னதை எல்லாம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். என் தொண்டையில் அந்த ர இவரை முந்திக்கொண்டு வந்தது. கடைசி எழுத்தின் வாசலில் நிற்பதும் எனக்குச் சுலபமாக இருந்தது, வாசலில் நின்று எனக்குப் பழக்கம் உண்டுதானே. ஆஸ்பத்திரி யன்னலில் ஒருநாள் பரசெட்டமோல் என்பதைச் சைகோன் கணக்கில் சொல்லிவிட்டேன். மருந்து வாங்க வந்த ஐயா, “மிஸ்சுக்குப் பல்லுக் கழட்டினதோ?” என்று இரக்கமாகக் கேட்டார்.

ஒத்திகை யாழ்ப்பாண நகருக்குள் ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. ஒரு பின்னேரம் பஸ்ஸால் இறங்கி நேரே அங்கே போனேன். நாடகத்தின் முக்கியமான இடத்தை அன்றைக்குப் பழகினார்கள். கடைக்காரரின் மனைவி இறந்துபோய்விட்டாள். அதற்குப் பிறகு ஒருநாள், கடை பூட்டுகிற நேரம், வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட ஏதோ சாமானைத் தேடிக் காணாமல், அவர் ஞாபகமில்லாமல் பின்புறத் திரைச்சீலையைப் பார்த்து மனைவியைக் கூப்பிடுகிறார். பதில் வராது. அப்போதுதான் அவருக்கு நினைவு வரும். எழுதியிருந்தது ஒரு வியட்நாமியப் பெயர். இவர் கூப்பிட்டார். உச்சரிப்பு சரி. ஏற்றம் இறக்கம் சரி. ஆனால் அதில் ஒன்றும் இல்லை.

“அங்கிள், பஸ் மறிக்கிற மாதிரிக் கூப்பிடுறியள்,” என்றான் அந்தப் பாரிஸ் பெடியன். இன்னொரு தரம். இன்னொரு தரம். கடைசியில் அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “வீட்டிலை அன்ரியை எப்பிடிக் கூப்பிடுவியள்? அப்பிடிக் கூப்பிடுங்கோ,” என்றான்.

“இஞ்சேரும் எண்டு.”

“இல்லை, பேர் சொல்லி?”

இவர் என்னைப் பார்த்தார். பிறகு மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். நடிகர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாரிசில் இருக்கிறவளின் பெயரைச் சொல்ல வெட்கம் இரண்டு நிமிஷத்தில் போய்விட்டது. பின்னால் இருக்கிறவளின் பெயருக்கு இத்தனை வருடத்திலும் போகவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு தடவை. சேலை கேட்கவில்லை, சங்கிலி கேட்கவில்லை. பிறந்தபோது எனக்கு வைத்த அந்த ஒரு சொல்லை, அவருடைய வாயில் இருந்து, ஒரு தடவை.

அடுத்த சனிக்கிழமை இவர் தலைமயிர் வெட்டப் போயிருந்தார். நேரம் மாறிவிட்டதாக அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், லப்டொப் அடித்தது. அடித்து ஓயட்டும் என்று நின்றேன். ஓயவில்லை. போய்ப் பதில் சொல்லும் பொத்தானை அமத்தினேன். அவள் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “மனைவியா!” என்றாள். சுகம் விசாரித்தாள். எனக்கு அவளிடம் சுகம் விசாரிக்கத் தோன்றவில்லை. எனக்கு என்ன பிடித்ததோ, கடைக்காரர் நாடகத்தில் அந்தத் தமிழ்ப் பெடியனுக்குச் சொல்லும் வசனத்தை அவளுக்கு எடுத்துவிட்டேன். அரிசி அரிசிதான் தம்பி, நீ எந்த ஊர் என்று அது கேட்பதில்லை. அதை ஆங்கிலத்தில், அவளுடைய அப்பாவின் நாக்கில், ஒவ்வொரு கடைசி எழுத்தின் வாசலிலும் நின்று நின்று சொன்னேன். உன் மாணவர் ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்று காட்டுவதுதான் என் எண்ணம்.

அவள் கோப்பையை வைத்துவிட்டுக் கைதட்டினாள். உங்களுக்கு அவரைவிட நல்ல காது என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. வயிற்றெரிச்சலைக் கொடுத்தவளே பாராட்டும்போது அது இனிக்கவும் செய்கிறதே.

பிறகு அவள் என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். என் பெயர் ரகரத்தில் முடிகிறது. அவள் அதைத் தொண்டைக்குள் உரசி, முடிக்காமல் வாசலில் நிறுத்தினாள். நான் அங்கேயிருந்த கதிரையில் இருந்துவிட்டேன். அழகான பெயர், அவர் அதை எப்படிச் சொல்லுவார் என்றாள்.

“அவர் சொல்ல மாட்டார்,” என்றேன்.

“ஏன், கோபமா?”

எங்கள் வழக்கத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். பாருங்கள் என்பதுபோல ஒரு சொல் சொல்லுவார், அதுதான் என் பெயர் என்றேன். அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. பூனையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தன் தாத்தாவும் பாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்றாள். அவர்களிலும் பழைய ஆட்கள் பிள்ளையின் தாய் என்றுதான் சொல்லுவார்களாம். பாட்டி இறந்த அன்றைக்குத்தான் தாத்தா பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். “நான் சின்னப் பிள்ளை. அந்தப் பெயரை அதற்கு முன் கேட்டதில்லை. தாத்தா வேறு யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அழுகிறார் என்று நினைத்தேன்.”

நான் லப்டொப்பை மூடிய பிறகும் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அப்படியானால் எனக்கும் செத்தால்தானா? செத்த பிறகு ஊர் கூடி நிற்க இவர் என் பெயரைச் சொல்லி அழுவார், எல்லாரும் கேட்பார்கள், நான் மட்டும் கேட்க மாட்டேன். நினைக்க நினைக்க, இன்னும் சாகாத எனக்குச் செத்துப்போன அந்தப் பாட்டிமேல் பொறாமையாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. பாடம் தொடங்கினால் இவர் முன்னறைக் கதவைச் சாத்தினார். எங்கள் வீட்டில் அந்தக் கதவு சாத்தி நான் கண்டதே இல்லை, அது வீங்கி, முழுதாகப் பொருந்தாது. கீழே ஒரு கல்லை அண்டை கொடுத்துச் சாத்தினார். உள்ளே முணுமுணுப்பு. அவளின் குரல், பிறகு இவரின் குரல், மிகத் தாழ்வாக. ஒரு சொல்லும் விளங்கவில்லை. முன்பு உரத்துப் பழகிய மனுஷனுக்கு இப்போது எதற்கு இந்த இரகசியம்?

“ஏன் கதவைச் சாத்தினனீங்கள்?”

“வெளியிலை சத்தமப்பா.”

“எந்தச் சத்தம்? நான் ஒருத்திதானே வெளியிலை.”

அவர் கல்லைக் காலால் தள்ளிவிட்டு முற்றத்துக்குப் போனார். நான் அவரோடு கதைப்பதை நிறுத்தினேன். சமைத்து மேசையில் மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுப்பேன். சேர்ட்டை அயன் பண்ணவில்லை. அவர் கசங்கிய சேர்ட்டோடு கதவுக்குப் பின்னால் போனார். அப்படியும் போனாரே என்றுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

நாடகத்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். மச்சாள் வந்து, சேலையையும் எடுத்து வைத்து, என்னை இழுத்துக்கொண்டு போனா. மண்டபம் நிறைய ஆட்கள். வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் முன்வரிசையில் விசிறிக்கொண்டு இருந்தார்கள். இவர் மேடைக்கு வந்தபோது மச்சாளுக்கே கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை. அரிசி மூட்டைகளுக்கு நடுவே கூன் விழுந்த ஒரு கிழவர். வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு அங்கே என் கணவர் இல்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த பாரிஸ்கார அம்மா ஒருத்தி, “ஐயோ, எங்கடை கடைக்கார மனுஷன் கதைக்கிற மாதிரியே,” என்றா. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் பாதி அவளுக்குப் போகிறதே என்று கசப்பாகவும் இருந்தது.

அந்த இடம் வந்தது. கடை பூட்டுகிற நேரம். கிழவர் ஏதோ தேடினார். மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார். பிறகு எரிச்சலோடு, வீட்டில் கண்ணாடியைக் காணாவிட்டால் என் பக்கம் திரும்புவாரே, அதேபோல உடம்பைப் பாதி திருப்பி, திரைச்சீலையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

என் பெயரை.

வியட்நாமியப் பெயர் இல்லை. என்னுடையது. முதல் அசையை இறக்கி, அடுத்ததை ஏற்றி, கடைசி ரகரத்தைத் தொண்டையில் உரசி, முடிக்காமல் நிறுத்தி. மண்டபத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அது ஏதோ சைகோன் பெயர் என்றே நினைத்திருப்பார்கள். மச்சாள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டா.

“மச்சாள், உது உங்கடை பேரெல்லோ!”

திரைச்சீலை அசையவில்லை. கிழவர் காத்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை கூப்பிட்டார், இந்த முறை மெல்ல, எரிச்சல் இல்லாமல். முன்வரிசையில் விசிறி நின்றது. எனக்குத் தொண்டைக்குள் ‘ஓம்’ என்று வந்து முட்டியது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. சத்தியமாகச் சொல்கிறேன். அந்தப் பெயரை அவள் சொன்ன அதே மாதிரி, அதே ஏற்றத்தில், அதே வாசலில் நிறுத்தி அவர் சொன்னார். சாத்திய கதவுக்குப் பின்னால் இத்தனை நாளும் பழகியது இதைத்தான் என்று விளங்கியது. அவளுக்கு என் பெயரைக் கொடுத்தவள் நான், அவருக்குக் கொடுத்தவள் அவள். என் பெயரை என் புருஷன் இன்னொருத்தியிடம் பாடம் கேட்டுப் பழகியிருக்கிறார். அதுமட்டுமா? திரைச்சீலைக்குப் பின்னால் இல்லாத அந்தச் செத்த மனைவிக்கு அல்லவா அதைக் கொடுத்தார். அவள் யார், என் பெயரை வைத்துக்கொள்ள? அவளுக்காக அப்படி நின்றாரே, அப்படி ஒரு முகத்தோடு என்னை எப்போதாவது தேடியிருக்கிறாரா?

கைதட்டல் முடிந்து, எல்லாரும் அவரைச் சூழ்ந்து நின்று படம் எடுத்தார்கள். நான் தூரத்தில் நின்றேன். கூட்டத்துக்கு மேலால் அவர் என்னைத் தேடினார். கண்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார், பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பார்வையைத் தாழ்த்தியதுபோல.

மறுநாள் ஞாயிறு. காலையில் அவர் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டு இருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

“ஒருக்காச் சொல்லுங்கோ.”

“என்னத்தை?”

“நேற்றுச் சொன்னதை. கிழவனா இல்லை. நீங்களா.”

அவர் கையில் இருந்த துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே திரும்பவும் பிழிந்தார். ஒழுங்கையில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். வாயைத் திறந்தார். என் பெயரின் முதல் எழுத்துக்கு உதடு கூடியது, அப்படியே நின்றது. காது இரண்டும் சிவந்துபோயின. எமனாக நின்று ஊரைக் கலங்கடித்த மனுஷன்.

“விளையாடாதையும், இஞ்சேரும்,” என்றார். “வெயில் ஏறுது. உள்ளை போம்.”

வந்த ஆத்திரத்தில் நான் உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் கேத்திலை வைத்த வைப்பில் மூடி உருண்டு போனது. வீட்டிலேயே கிடக்கிறவளுக்கு எதற்குப் பெயர்? செத்தவளுக்குக் கொடுக்கலாம், பாரிஸ்காரியோடு இருந்து பழகலாம், நானூறு பேருக்கு முன்னால் கூப்பிடலாம். மோட்டார் சைக்கிள் கழுவுகிறபோது மட்டும் முடியாது. இனிக் கேட்டால் என்னை என்னவென்று கேளுங்கள் என்று அடுப்போடு சொல்லிக்கொண்டு நின்றேன்.

முற்றத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு ஒரு செருமல். உப்புத் தண்ணீர் கொப்பளித்த அந்தத் தொண்டைச் செருமல்.

கூப்பிட்டார். முற்றத்தில் இருந்து, எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு, சைகோன் கடைக்காரரின் நாக்கில், என் பெயரை. கடைசி ரகரம் வாசலில் நின்றது. அந்தக் கிழவனை முன்னால் விட்டால்தான் இவருக்கு வாய் வருகிறது. போகட்டும். மேடையில் பதில் சொல்ல ஒருத்தி இல்லை. இங்கே நான் இருக்கிறேன்.

“ஓம், வாறன்,” என்றேன்.

போகவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று குசினியிலேயே நின்றேன்.